ஷவர் கண்ணாடிக் கதவுகள்: கறை நீக்கலும் பராமரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தினமும் தண்ணீரும் சோப்பும் படுகிற கண்ணாடி ஏன் இவ்வளவு சீக்கிரம் மங்கிப்போகிறது?

மங்க வைப்பதே அந்தத் தண்ணீரும் சோப்பும்தான். குழாய் நீரில் கால்சியமும் மக்னீசியமும் பெரும்பாலும் பைகார்பனேட் வடிவில் கரைந்திருக்கின்றன. கண்ணாடியில் தெறித்த துளி காயும்போது நீர் ஆவியாகிறது, கரியமில வாயு வெளியேறுகிறது, தண்ணீரில் எளிதில் கரையாத கால்சியம் கார்பனேட் அதே இடத்தில் தங்கிவிடுகிறது. உலர்ந்த புள்ளி ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தால் அதன் விளிம்பு வெள்ளை வளையமாகத் தடித்தும் நடுப்பகுதி மெலிந்தும் இருப்பது தெரியும். மறுநாள் விழும் துளிகள் அந்த வளையத்தின் மேலேயே தங்கிக் காய்வதால் படிவு அடுக்கடுக்காக ஏறுகிறது.

சோப்பின் கதை சற்று வேறு. கட்டிச் சோப்பு என்பது கொழுப்பு அமிலங்களின் சோடியம் உப்பு. அது நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்தவுடன் நுரைப்பதற்குப் பதிலாகக் கரையாத மெழுகு போன்ற பொருளாக மாறிவிடுகிறது. உடலிலிருந்து கழுவப்படும் எண்ணெயும் தோல் துகள்களும் அந்த மெழுகில் ஒட்டிக்கொள்ளும்போது கண்ணாடி முழுவதும் சாம்பல் நிறத் திரை படிகிறது.

என் வீட்டுக் கதவில் இருப்பது உப்புக்கறையா, சோப்புப் படலமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எந்தத் திரவத்தையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான். கண்ணாடி நன்றாக உலர்ந்திருக்கும் நேரத்தில் விரல் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். நகத்தில் வழவழப்பான வெள்ளை மாவு போல ஏதேனும் சுருண்டு வந்தால் அது சோப்புப் படலம். நகம் சொரசொரப்பாக உராய்ந்து, எதுவும் பெயர்ந்து வராவிட்டால் உப்புப் படிவு. நகம் தடையின்றி வழுக்கிச் சென்றும் மங்கல் மட்டும் தெரிகிறது என்றால் கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்லியிருக்கிறோம்.

கதவின் வெளிப்பக்கத்தையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுவது நல்லது. உட்பக்கத்தில் நெடுநேரம் தேய்த்த பிறகு, கறை வெளிப்பக்கத்தில் இருந்தது தெரியவரும் அனுபவம் பலருக்கும் உண்டு.

பெரும்பாலான வீடுகளில் இரண்டும் கலந்தே இருக்கும். கண்ணாடிக்கு நேரே சோப்பு, அதன்மேல் உப்பு, அதன்மேல் மீண்டும் சோப்பு என்று மாறி மாறிப் படிவதால் ஒன்றை மட்டும் கரைக்கும் திரவம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

ஜன்னல் கண்ணாடிக்குப் பயன்படுத்தும் நீல நிற ஸ்ப்ரே போதாதா?

போதாது. அது கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கு, தூசி ஆகியவற்றை அகற்றுவதற்காகச் செய்யப்பட்டது. கால்சியம் கார்பனேட்டை அது கரைப்பதில்லை. தெளித்துத் துடைத்தவுடன் கண்ணாடி பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் அது ஈரமாக இருப்பதுதான். படிவின் நுண்ணிய மேடுபள்ளங்களை ஈரம் நிரப்பிவிடுவதால் ஒளி சிதறுவதில்லை. காய்ந்ததும் பழைய மங்கல் அப்படியே திரும்பி வரும். ஆகவே எந்த முறையைக் கையாண்டாலும் கண்ணாடி முழுவதும் உலர்ந்த பிறகே பலனை மதிப்பிட வேண்டும்.

அப்படியானால் எதைக் கொண்டு சுத்தம் செய்வது?

உப்புக்கு அமிலம், சோப்புக்கு அழுக்கை இழுக்கும் திரவம். கலந்த கறைக்கு இரண்டும் சேர்ந்த கலவை. சுமார் 5 விழுக்காடு அசெட்டிக் அமிலம் கொண்ட வெள்ளை வினிகர் ஒரு கோப்பையும், பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு தேக்கரண்டியும் ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, நுரை எழும்பாதபடி மெதுவாகச் சாய்த்துக் கலந்துகொள்ளுங்கள். சோப்புப் படலத்திலுள்ள கால்சியத்தை அமிலம் பிரித்தெடுக்கிறது. அப்போது தனியாக மிஞ்சும் கொழுப்பு அமிலம் வெறும் நீரில் கரையாது என்பதால் அதைத் தூக்கிச் செல்லப் பாத்திரத் திரவம் தேவைப்படுகிறது. வினிகர் மட்டும் தெளித்துவிட்டுப் பிசுபிசுப்பு போகவில்லை என்று வருந்துவோர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பொருளைத்தான்.

வினிகர் வாடை ஒத்துக்கொள்ளாதவர்கள் சிட்ரிக் அமிலத் தூளைப் பயன்படுத்தலாம். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 25 முதல் 30 கிராம் கரைத்தால் வினிகருக்கு இணையான செறிவு கிடைக்கும். வாடை இல்லாமையாலும், ஒவ்வொரு முறையும் வேண்டிய அளவுக்கு மட்டும் கரைத்துக்கொள்ள முடிவதாலும் வழக்கமான பராமரிப்புக்கு இதுவே வசதியானது என்பது எங்கள் கருத்து.

செய்முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முதலில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு, கையுறை அணிந்துகொண்டு, வெறும் தண்ணீரால் கண்ணாடியை ஒருமுறை கழுவுங்கள். மணல் துகள் ஏதேனும் ஒட்டியிருந்தால் அது இப்போதே போய்விட வேண்டும். சாதாரணமாகக் கண்ணாடியைவிட மணலே கடினமானது. தேய்க்கும்போது கீறல் போடுவது பெரும்பாலும் ஸ்க்ரப்பர் அல்ல, அதனடியில் சிக்கிய மணல்தான்.

பிறகு கலவையைக் கீழிருந்து மேலாகத் தெளியுங்கள். மேலிருந்து தெளித்தால் வழியும் கோடுகள் உலர்ந்த பகுதியில் முன்கூட்டியே ஓடி, சில இடங்கள் அதிகமாகவும் சில இடங்கள் குறைவாகவும் ஊறும். செங்குத்தான பரப்பில் திரவம் நிற்காது என்பதுதான் இந்த வேலையின் உண்மையான சிக்கல். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு: பழைய பருத்தித் துணியையோ தடித்த டிஷ்யூ தாளையோ கலவையில் நனைத்துக் கண்ணாடியின் மேல் ஒட்டிவிடுங்கள். அது தானாகவே ஒட்டிக்கொண்டு நிற்கும். பதினைந்து முதல் முப்பது நிமிடம் அப்படியே விட்டு, நடுவில் ஓரங்கள் உலரத் தொடங்கினால் மீண்டும் தெளித்து ஈரமாக வைத்திருங்கள். அமிலக் கலவையைக் கண்ணாடியில் காயவிடக் கூடாது. காய்ந்தால் கரைந்த உப்பெல்லாம் திரும்பவும் அங்கேயே படிந்துவிடும்.

துணியை எடுத்த பிறகு, கீறல் போடாத வகை ஸ்பாஞ்சால் சிறு வட்டங்களாகத் தேய்த்து வாருங்கள். வேலை நடக்கிறதா என்பதைக் கையே சொல்லும்: முதலில் ஸ்பாஞ்ச் சொரசொரவென்று இழுபடும், படிவு கரையக் கரைய இழுப்பு குறைந்து, ஒரு கட்டத்தில் கண்ணாடி வழுவழுப்பாகிவிடும். இழுப்பு உள்ள இடங்களில் மட்டும் நனைத்த துணியை மறுபடி ஒட்டலாம். பல மாதப் படிவு ஒரே முறையில் போகாமல் இரண்டு மூன்று சுற்று கேட்பது இயல்பு. அதற்காக அழுத்தத்தைக் கூட்டுவதைவிட ஊறும் நேரத்தைக் கூட்டுவதே சரி.

கடைசியாக மேலிருந்து கீழாக நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, வைப்பரால் நீரை வழித்து, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். கீல், கைப்பிடி போன்ற உலோகப் பாகங்களையும் அமிலம் தங்காமல் கழுவித் துடைக்க வேண்டும். கறுப்பு, தங்க நிறப் பூச்சு கொண்ட பாகங்களின் மேல் கலவையே படாமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

வினிகரோடு சமையல் சோடாவையும் கலந்தால் பலன் இரட்டிப்பாகும் என்கிறார்களே?

நுரை பொங்குவதைப் பார்க்க நிறைவாக இருக்கும். கண்ணாடிக்கு அதனால் பெரிய நன்மை எதுவும் இல்லை. சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கரியமில வாயு போக எஞ்சுவது சிறிதளவு சோடியம் அசெட்டேட் கரைந்த தண்ணீர். உப்பைக் கரைத்திருக்க வேண்டிய அமிலத்தை நாமே வீணாக்கியதாகிறது. சோடாவைத் தனியாகச் சிறிது நீரில் குழைத்து மென்மையான தேய்ப்புப் பொருளாகப் பயன்படுத்தலாம். அது கண்ணாடியைவிட மிகவும் மிருதுவானது என்பதால் கீறாது.

கழிப்பறைக்குப் பயன்படுத்தும் ஆசிட்டை ஊற்றினால் உடனே போய்விடாதா?

கறை போகும், கூடவே வேறு பலவும் போகும். அத்தகைய திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அது கண்ணாடியை அரிப்பதில்லை என்றாலும், துருப்பிடிக்காத எஃகில் நுண்துளைகளை உண்டாக்கும், குரோமியப் பூச்சைக் கெடுக்கும், டைல்களுக்கு இடையிலுள்ள சிமெண்டைத் தின்றுவிடும். மூடிய சிறு அறையில் அதன் ஆவி கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடு. சில துரு நீக்கிகளிலும் வாகனச் சக்கரம் கழுவும் திரவங்களிலும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கக்கூடும். அது கண்ணாடியையே அரித்துவிடும். தோலில் பட்டால் உயிருக்கே ஆபத்து. அவற்றைக் குளியலறைக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிளீச்சையும் எந்த அமிலத்தையும், வினிகர் உட்பட, ஒன்றாகக் கலக்கக் கூடாது; குளோரின் வாயு உண்டாகும். பிளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் என்னும் மற்றொரு நச்சு வாயு. ஒன்றைப் பயன்படுத்திய அன்று மற்றதைத் தொடாமல் விடுவதே பாதுகாப்பானது.

தரையோ சுவரோ பளிங்குக் கல்லாக இருந்தால் என்ன செய்வது?

பளிங்கு, சுண்ணாம்புக்கல், டிராவர்டைன் ஆகியவை அடிப்படையில் கால்சியம் கார்பனேட்டே. கண்ணாடியில் நீங்கள் கரைக்க முயலும் பொருளும் அதுதான் என்பதால், கீழே சொட்டும் வினிகர் கல்லின் மெருகையும் கரைத்துவிடும். ஆகவே அங்கே அமிலத்தைத் தவிர்த்து, பாத்திரத் திரவமும் சோடாக் குழம்பும் கொண்டு சற்று நேரம் எடுத்துத் தேய்ப்பதே முறை. மெலமைன் நுரைக் கட்டியும் கைகொடுக்கும். ஆனால் அது மிக நுண்ணிய உப்புத்தாள் போல வேலை செய்வதால் பூச்சு போட்ட கண்ணாடியிலும் பளபளப்பான கல்லிலும் படக் கூடாது.

பிளேடு, எஃகுக் கம்பளி ஆகியவற்றால் சுரண்டலாமா?

ஷவர் கதவுகள் டஃபன்ட் கண்ணாடியால், அதாவது சூடேற்றி வேகமாகக் குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடியால் ஆனவை. அதை உலையில் சூடேற்றும்போது மேற்பரப்பில் நுண்ணிய துகள்கள் ஒட்டிக்கொள்வதுண்டு. பிளேடு அத்தகைய துகளைப் பெயர்த்து இழுத்துச் சென்றால் நீண்ட கீறல் விழும். கைதேர்ந்தவர்கள் பிளேடு பயன்படுத்துவதைப் பார்த்திருக்கலாம். அவர்களே டஃபன்ட் கண்ணாடியில் கீறல் விழ வாய்ப்புண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம். வீட்டில் அந்தச் சோதனை வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. எஃகுக் கம்பளியின் இழைகள் உதிர்ந்து ரப்பர் பட்டைகளிலும் சிமெண்டிலும் சிக்கித் துருக்கறையை உண்டாக்கும் என்பதால் அதற்கும் தேவையில்லை.

எல்லாம் செய்த பிறகும் மங்கல் போகவில்லை. கண்ணாடியே கெட்டுவிட்டதா?

மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சுற்றுகள் போதவில்லை; நகத்தால் தேய்த்துப் பார்த்தால் இன்னும் சொரசொரப்பு இருக்கும். இரண்டாவது, சில நீரில் சிலிக்காவும் கரைந்திருக்கும். அதன் படிவை வினிகரும் சிட்ரிக் அமிலமும் கரைப்பதில்லை. கண்ணாடிக்கென்று விற்கப்படும் சீரியம் ஆக்சைடு பாலிஷைக் குழைத்து, ஈரமான ஃபெல்ட் கட்டையால் பொறுமையாகத் தேய்த்தால் அந்தப் படிவு தேயும்.

மூன்றாவது காரணம்தான் வருத்தத்துக்குரியது. சாதாரணக் கண்ணாடியில் சிலிக்காவுடன் சோடியமும் கால்சியமும் சேர்ந்திருக்கின்றன. ஈரம் நெடுநேரம் தங்கும் இடங்களில் சோடியம் மெல்ல வெளியே கசிகிறது. அது மேற்பரப்பில் தேங்கும் நீரைக் காரமாக்குகிறது. காரத்தன்மை ஏறிய நீர் சிலிக்கா வலைப்பின்னலையே தாக்குகிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் அரிக்கப்பட்ட கண்ணாடியில் படிவு என்று அகற்றுவதற்கு எதுவுமில்லை, பரப்பே நுண்குழிகளாகிவிட்டிருக்கும். மிக மேலோட்டமான அரிப்பை சீரியம் ஆக்சைடு ஓரளவு சரிசெய்யும். ஆழமானது என்றால் கதவை மாற்றுவதைத் தவிர வழியில்லை. அந்த நிலையில் புதுப்புதுத் திரவங்களுக்குச் செலவழிப்பது வீண். கீறல்களுக்கும் இதுவே பொருந்தும்: நகம் சிக்கும் அளவு ஆழமான கீறலைப் பாலிஷால் போக்க முயன்றால் அந்த இடத்தில் பிம்பம் நெளியத் தொடங்கும்.

தினசரிப் பராமரிப்புக்குக் குறைந்தபட்சம் என்ன செய்ய வேண்டும்?

வைப்பர். மற்ற யோசனைகள் எல்லாம் இதற்கு அடுத்தவைதான். துளி கண்ணாடியில் காயாவிட்டால் உப்பு படிய வழியே இல்லை. குளித்து முடித்ததும் நீரை வழித்துவிடுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வைப்பரை ஷவருக்குள்ளேயே, கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டி வையுங்கள். வெளியே சென்று எடுக்க வேண்டுமென்றால் ஒரு வாரத்தில் பழக்கம் விட்டுப்போகும்.

கண்ணாடி ஈரமாக இருக்கும்போதே மேல் விளிம்பில் ரப்பரைப் பதித்து, ஒரே சீராகக் கீழ் வரை இழுங்கள். அடுத்த இழுப்பு முந்தியதன் மேல் இரண்டு விரல் அகலம் ஏறியிருந்தால் நடுவில் நீர்க்கோடு மிஞ்சாது. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் ரப்பரில் நிற்கும் நீரை உதறிவிட வேண்டும். கதவின் அடி விளிம்பில் வரிசையாகத் தேங்கும் துளிகளை ஒரு துணியால் ஒற்றி எடுத்தால் வேலை முடிந்தது. ரப்பர் கடினமாகிக் கோடு விடத் தொடங்கினால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வைப்பர் பிடிக்க முடியாதவர்களும், குழந்தைகளும் முதியோரும் அதிகம் பயன்படுத்தும் குளியலறை உள்ளவர்களும் குளித்த பின் தெளித்துவிடும் ஸ்ப்ரேக்களை நாடலாம். அவை நீரைத் துளிகளாகச் சேரவிடாமல் மெல்லிய படலமாக வழியச் செய்கின்றன. பயன் உண்டு, ஆனால் வைப்பருக்கு ஈடாகாது.

கட்டிச் சோப்புக்குப் பதிலாகத் திரவ பாடி வாஷ் பயன்படுத்தினால் வித்தியாசம் தெரியுமா?

சோப்புப் படலத்தைப் பொறுத்தவரை நன்றாகவே தெரியும். பெரும்பாலான பாடி வாஷ்களில் இருப்பவை கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பொருளாக மாறாத செயற்கைக் கழுவிகள். ஆனால் திரவமாக இருப்பதெல்லாம் அப்படியல்ல; கொழுப்பு அமிலத்தைக் காரத்தோடு சேர்த்துச் செய்த திரவச் சோப்புகளும் உண்டு, அவை கட்டிச் சோப்பைப் போலவே படியும். உப்புப் புள்ளிகள் இரண்டு வகையிலும் குறையாது.

நீர் விலக்கும் பூச்சு போடுவது பயனுள்ளதா?

பயனுள்ளதுதான், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. பூச்சு போட்ட கண்ணாடியில் நீர் முத்துமுத்தாகத் திரண்டு பெரும்பகுதி உருண்டோடிவிடும். ஓடாமல் நிற்கும் முத்துகள் காய்ந்தால் அங்கேயும் புள்ளிகள் தோன்றத்தான் செய்யும். அவை கண்ணாடியை இறுகப் பற்றாததால் ஈரத்துணியிலேயே பெயர்ந்துவிடும் என்பதுதான் உண்மையான இலாபம். பூச்சை ஏற்றும் முன் பழைய படிவை முழுமையாக அகற்றிவிட வேண்டும்; இல்லையென்றால் கறையையும் சேர்த்து மூடி வைத்ததாக ஆகிவிடும். பூச்சுள்ள கதவில் தேய்ப்புப் பொடிகளையும் கடுமையான அமில, காரத் திரவங்களையும் தவிர்க்க வேண்டும். மரச்சாமான் பாலிஷைக் கண்ணாடியில் தடவுவோரும் உண்டு. அது வழிந்து தரைக்கு வந்தால் வழுக்கி விழ நேரும்.

தண்ணீரை மென்மையாக்கும் கருவி வைத்தால் கறையே வராதா?

நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை இருந்தால் மென்னீர், 120க்கு மேல் கடினநீர், 180க்கு மேல் மிகக் கடினநீர் என்பது பரவலாகப் பயன்படுத்தப்படும் அளவுகோல். மென்மையாக்கும் கருவி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. அதன் பிறகும் துளிகள் காய்ந்தால் வெண்மை தெரியும்; ஆனால் சோடியம் உப்புகள் நீரிலேயே கரைபவை என்பதால் ஈரத்துணி போதும். சிலிக்காவை இக்கருவி அகற்றாது. ஷவர் தலையில் மாட்டும் சிறு வடிகட்டிகள் குளோரினைக் குறைப்பதற்கானவை. கடினத்தன்மையை அவற்றால் குறைக்க முடியாது.

கதவின் அடியிலுள்ள ரப்பர் பட்டை கறுத்துவிட்டது. கண்ணாடியை மாற்றாமல் பட்டையை மட்டும் சரிசெய்ய முடியுமா?

முடியும். கண்ணாடி விளிம்பில் செருகப்பட்டிருக்கும் பட்டைகள் பெரும்பாலும் இழுத்தால் கழன்றுவரும். பாத்திரத் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் மடிப்புகளுக்குள் தேய்த்து, பிறகு 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிச் சிறிது நேரம் விட்டுக் கழுவலாம். பூஞ்சை உள்ளே ஊடுருவியிருந்தால் அதே அளவில் புதிய பட்டை வாங்கி மாட்டுவதே சுலபம். சுவரோடு சேரும் சிலிக்கான் சீலண்ட் உள்ளுக்குள் கறுத்திருந்தால் அதைச் சுத்தம் செய்து பயனில்லை. வெட்டியெடுத்து, அந்த இடத்தை நன்கு உலர்த்திப் புதிதாகப் போட வேண்டும்.

நகரும் கதவுகளில் கீழ்ச் சட்டத்தையும் கவனியுங்கள். தேங்கும் நீர் ஷவருக்குள் வடிவதற்காக அதில் சிறு துளைகள் இருக்கும். முடியும் சோப்பும் சேர்ந்து அவற்றை அடைத்துவிட்டால் சட்டத்தில் நீர் தேங்கி நாற்றமெடுக்கும்.

குளித்த பிறகு கதவைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா?

கீலில் திறக்கும் கதவைச் சற்றுத் திறந்தே வையுங்கள். உள்ளே காற்றோட்டம் கிடைக்கும். நகரும் கதவு என்றால் மூடி வைப்பதே நல்லது. திறந்து வைத்தால் இரண்டு கண்ணாடிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று, இடையிலுள்ள குறுகிய சந்தில் ஈரம் மணிக்கணக்கில் தங்கிவிடும். எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளித்த பிறகும் இருபது நிமிடம் ஓடவிடுங்கள்.

சுத்தம் செய்யும்போது வேறு எதையாவது பார்த்துவைக்க வேண்டுமா?

டஃபன்ட் கண்ணாடியின் நடுப்பகுதி அடிதாங்கும். விளிம்பும் மூலையும் அவ்வாறு தாங்காது. துடைக்கும்போது விளிம்புகளை விரலால் தடவாமல் கண்ணால் பார்த்து, எங்காவது சில்லு பெயர்ந்திருக்கிறதா, கீல் திருகு தளர்ந்திருக்கிறதா, கதவு தொங்கிச் சட்டத்தில் உரசுகிறதா என்று கவனியுங்கள். சில்லு பெயர்ந்த கதவு பிறகொரு நாள் காரணமே தெரியாமல் மொத்தமாக நொறுங்கி விழக்கூடும். அப்படி ஏதேனும் கண்டால் கதவைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, பொருத்திக் கொடுத்தவரை அழைத்துக் காட்டுங்கள்.